மூடுபனியை யாரிடம் கற்பது?

ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஓவியத்தைத்தான் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1818ஐ ஒட்டி வரைந்த ‘மூடுபனிக் கடலின் மேல் அலைபவன்’. பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாறை உச்சியில் கரும்பச்சைக் கோட்டு போட்ட ஒருவன் கைத்தடியோடு நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவனுக்குக் கீழே மூடுபனி, அதில் ஆங்காங்கே தலைநீட்டும் பாறைகள், தூரத்தில் மலைகள். நீட்சே பற்றிய புத்தகம் எதை எடுத்தாலும் அட்டையில் பாதி நேரம் இவன்தான் நிற்கிறான்.

மூன்று முறை வரைந்தேன். முதல் படத்தில் பனி பஞ்சு மூட்டையாக வந்தது. இரண்டாவதில் சாம்பலைக் கரைத்து ஊற்றியது மாதிரி. மூன்றாவது தேறிவிட்டது. பனி பனியாகவே இருந்தது, மலைகள் பின்னால் போயின, வானத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்குய்யா, லாட்ஜ் ரிசப்ஷன்ல மாட்டலாம்” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி.

தப்பில்லாமல் வரைந்த படம் ஏன் லாட்ஜ் படமாகிறது? அதே பாறை, அதே பனி, அதே மனிதன் இருக்கும் மூலப்படம் ஏன் அப்படி ஆகவில்லை? “அவர் மேதை, நீ அமெச்சூர்” என்பது பதில் இல்லை, பதிலைத் தள்ளிப்போடுவது. இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்காகப் படித்ததிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் எழுதுவது.

முதலில் ஒரு சொல் பற்றி. ரொமான்டிசிசத்தைத் தமிழ் விமர்சனத்தில் ‘கற்பனாவாதம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். வசதியான சொல்தான். ஆனால் அது எனக்குள் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கியிருந்தது. கற்பனாவாத ஓவியன் என்றால் கண்ணை மூடி உணர்ச்சியில் மிதப்பவன், கண்ணால் பார்ப்பது அவனுக்கு இரண்டாம்பட்சம் என்று. எண்ணெய் வண்ணத்தில் கையை வைத்தவுடன் முதலில் உடைந்தது இந்த எண்ணம்தான்.

பனியைப் போடுவது

எண்ணெய் வண்ணத்தில் மெல்லிய படலம் போட இரண்டு வழிகள் உண்டு. வெளிச்சமான அடித்தளத்தின் மேல் ஒளி ஊடுருவக்கூடிய அடர்நிறத்தை எண்ணெயில் நெகிழ்த்திப் பூசுவது கிளேஸ். அடர்ந்த அடித்தளத்தின் மேல் வெளிறிய நிறத்தைக் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து விடுவது ஸ்கம்பிள். கிளேஸ் நிறத்தைச் சூடாக்கும், ஆழமாக்கும். ஸ்கம்பிள் குளிரவைக்கும். கரும்பழுப்பின் மேல் கொஞ்சம் வெள்ளையை மெல்லிசாகத் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒரு சொட்டுகூடக் கலக்காமலே நீலம் தெரியும்.

இது கண்கட்டு வித்தை இல்லை. அடுப்புப் புகை கரிபிடித்த சுவருக்கு முன்னால் நீலமாகவும் வெளிச்சமான வானத்துக்கு முன்னால் பழுப்பாகவும் தெரிவதைப் பார்த்திருப்போம். நுண்துகள்கள் குறைந்த அலைநீள ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன, அதனால். கோதே 1810இல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டு நூலில் இந்தக் ‘கலங்கிய ஊடகம்’தான் மையம். அதை வைத்துக்கொண்டு அவர் நியூட்டனோடு போட்ட சண்டையில் இயற்பியல் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனால் அந்த அவதானிப்பு ஓவியனுக்கு அப்படியே பயன்படும். தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். கருத்த மலைக்கும் நமக்கும் நடுவில் வெளிச்சம் பட்ட காற்று இருக்கிறது. அப்படியென்றால் ஸ்கம்பிள் பனியின் படத்தை வரைவதில்லை. கான்வாஸில் ஒரு சிறிய பனியையே போடுகிறது. மலை நீலமாவதும் வண்ணம் நீலமாவதும் ஒரே வேலை.

என் முதல் படம் ஏன் பஞ்சு மூட்டையானது என்று அப்போதுதான் புரிந்தது. நான் டியூபிலிருந்து டைட்டானியம் ஒயிட்டைப் பிதுக்கிப் பனியை ‘வரைந்து’ வைத்திருந்தேன். டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டின் சரக்கு. ஃப்ரீட்ரிக் பயன்படுத்தியது ஈய வெள்ளை. ஈய வெள்ளையின் ஒளிவிலகல் எண் சுமார் 2.0, டைட்டானியத்துடையது சுமார் 2.7, ஆளிவிதை எண்ணெயுடையது சுமார் 1.48. எண்ணெய்க்கும் நிறமிக்கும் இடையே இந்த வித்தியாசம் கூடக்கூட வண்ணம் அடியில் இருப்பதை மறைக்கும். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். ஈய வெள்ளை நஞ்சு, அதை நான் தொடவில்லை. டைட்டானியத்தையே கடுகளவு எடுத்துத் தேய்த்துத் தேய்த்து, ஒரு படலம் காய நாள்கணக்கில் காத்திருந்து அடுத்ததைப் போட்டேன். அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாக, இல்லாவிட்டால் வெடிக்கும் என்ற பழைய விதியையும் பிடித்துக்கொண்டேன்.

டியூப் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிதுக்கும் உலோக டியூபுக்கு ஜான் கோஃப் ராண்ட் காப்புரிமை வாங்கியது 1841இல். ஃப்ரீட்ரிக் இறந்தது 1840இல், கான்ஸ்டபிள் 1837இல். இந்த இருவரும் வாழ்நாளில் ஒரு டியூபைக்கூடப் பிதுக்கியதில்லை. வண்ணத்தை அரைத்துக்கொண்டார்கள், அல்லது பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டார்கள்.

பழுப்பு என்னும் வதந்தி

இரண்டாவது படம் சாம்பலானதற்குக் காரணம் வேறு. நான் பணம் கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பில் ஆசிரியர் சொன்னார், கடைசியில் படம் முழுக்கப் பழுப்பு கிளேஸ் ஒன்று போட்டால் ‘அந்தக் காலத்து மூடு’ வந்துவிடும் என்று. போட்டேன். வந்தது மூடு இல்லை, மூட்டம்.

இந்தப் பழுப்பு ஒரு பழைய வதந்தி. ஜார்ஜ் போமாண்ட் என்ற பிரபு, கான்ஸ்டபிளுக்கு வேண்டியவர், ஓவியச் சேகரிப்பாளர். ஒரு நல்ல நிலக்காட்சி பழைய வயலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லப்போக, கான்ஸ்டபிள் ஒரு வயலினைக் கொண்டுபோய் வெளியே பச்சைப் புல்லின் மேல் வைத்துக் காட்டினாராம். கான்ஸ்டபிளின் வாழ்க்கையை எழுதிய லெஸ்லி சொல்லும் கதை இது. போமாண்ட் முட்டாள் இல்லை. அவர் பார்த்து வளர்ந்த பழைய படங்கள் அப்படித்தான் இருந்தன. வார்னிஷ் மஞ்சளாகி, புகை ஏறி, பழுப்பாகி. வயதின் அழுக்கை அவர் ஓவியனின் நோக்கமாக எடுத்துக்கொண்டார்.

ரொமான்டிக் ஓவியர்களும் அந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. ஜெரிகோ 1818–19இல் வரைந்த ‘மெடூஸாவின் தெப்பம்’ இன்று லூவரில் இருண்டு கிடப்பதற்கு அவர் பயன்படுத்திய பிட்டுமென், அதாவது நிலக்கீல் வகையும் ஒரு காரணம். பூசும்போது வெல்லப்பாகு மாதிரி அழகாக மின்னும். ஆனால் ஒழுங்காகக் காயவே காயாது, வருடங்கள் போகப்போகக் கறுத்துச் சுருங்கும். நாம் ‘ரொமான்டிக் இருள்’ என்று ரசிப்பதில் ஒரு பங்கு வேதியியல் விபத்து. அந்த விபத்தைத்தான் நான் பாட்டிலில் வாங்கி என் படத்தின் மேல் பூசியிருந்தேன். போமாண்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அடைத்த சன்னல்

சரி, பனியும் பழுப்பும் கைவினைப் பிரச்சினைகள். அவற்றைத் தாண்டிய மூன்றாவது படமும் லாட்ஜ் படமானதே, அது எப்படி?

இதற்கு எனக்குத் துப்பு கொடுத்தது இன்னொருவர் வரைந்த படம். ஃப்ரீட்ரிக்கின் நண்பர் கெர்ஸ்டிங் 1811இல் ‘தன் ஓவிய அறையில் ஃப்ரீட்ரிக்’ என்று ஒன்று வரைந்தார். ஹாம்பர்க்கில் இருக்கிறது. அறை மொட்டையாக இருக்கிறது. ஓர் ஈசல், நாற்காலி, சுவரில் இரண்டொரு பாலெட், கூடவே டி-ஸ்கொயரும் முக்கோண மட்டமும். மலை உச்சியில் மெய்மறந்து நிற்பவரின் அறையில் இன்ஜினியரிங் டிராயிங் சாமான் மாட்டியிருக்கிறது! வெளிச்சம் வரும் சன்னலின் கீழ்ப்பாதி பலகையால் அடைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றையோ தெருவையோ பார்க்க முடியாது. கொஞ்சம் வானம் மட்டும்.

ஃப்ரீட்ரிக் வெளியே போய்ப் பென்சிலால் வரைவார். ஒரு பாறை, ஒரு தேவதாரு, ஒரு கிளை என்று தனித்தனியாக, மிகத் துல்லியமாக, பல சமயம் தேதியோடு. எண்ணெய் வண்ணம் அறைக்குள்தான். 1807 வாக்கில், முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் எண்ணெய் வண்ணத்துக்கே வந்தார், அதுவரை செபியா. படத்துக்கான முன்னோட்டங்களை அவர் வண்ணத்தில் செய்து பார்ப்பதில்லை, மனதில் முழுசாகத் திரண்டபின் நேராகக் கான்வாஸில் கோடாக இறக்கி, பிறகு மெல்லிய படலங்களாக ஏற்றுவார் என்று அவர் நண்பர் காருஸ் பதிவு செய்திருக்கிறார். ‘அலைபவன்’ படத்தில் இருப்பதும் எந்த ஒரு இடமும் இல்லை. சாக்ஸனியின் எல்பே மணற்கல் மலைகளில் வெவ்வேறு இடத்தில் வரைந்த பாறைகளை அறைக்குள் உட்கார்ந்து கோத்த காட்சி அது. கற்பனை என்றால் இது கணக்குப்பிள்ளையின் கற்பனை.

இன்னும் முக்கியமானது அவர் எடுத்துப்போட்டவை. ‘கடலோரத் துறவி’யை 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்தார். அகலம் 171.5 சென்டிமீட்டர். அதில் இருப்பது ஒரு மணல் விளிம்பு, கறுத்த ஒரு கடல் பட்டை, மேலே வானம், ஒரு குட்டி மனிதன். அவ்வளவுதான். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது வண்ணத்துக்கு அடியில் கப்பல்கள் கோடாக இருப்பது தெரிந்தது. கப்பல்களைத் திட்டமிட்டிருக்கிறார், பிறகு வேண்டாம் என்று விட்டிருக்கிறார். கப்பல் இருந்திருந்தால் அந்தத் துறவிக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும்: யாரையோ வழியனுப்புகிறான், யாருக்கோ காத்திருக்கிறான். நமக்கும் கண்ணை வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். 1810இல் பெர்லினில் படம் காட்சிக்கு வந்தபோது, பார்ப்பவனின் கண்ணிமைகளை யாரோ வெட்டிவிட்டது போலிருக்கிறது என்ற பொருளில் க்ளைஸ்ட் எழுதினார். மூட முடியாத கண். கப்பலை எடுத்ததால் வந்தது அது.

இதைப் படித்தபின் என் மூன்றாவது படத்தின் முன்னால் மூலப்படத்தின் அச்சுப்பிரதியை வைத்து ஸ்கேலால் அளந்தேன். அப்போதுதான் என் திருட்டு எனக்கே தெரிந்தது. மூலத்தில் மனிதன் நட்டநடுவில் நிற்கிறான். இரண்டு பக்க மலைச்சரிவுகளும் இறங்கி வந்து சந்திப்பது அவன் மார்பின் பின்னால். எந்த இடத்தை எல்லாக் கோடுகளும் சுட்டுகின்றனவோ, சரியாக அந்த இடத்தை அவன் உடம்பு மறைக்கிறது. என் படத்தில் அவன் இடதுபக்கம் நகர்ந்திருந்தான், கொஞ்சம் சின்னதாகவும் ஆகியிருந்தான். அந்த வகுப்பில் ‘ஆளை நடுவில் வைக்காதே, மூன்றில் ஒரு பங்கில் வை, பார்ப்பவர் கண் உள்ளே போக வழி விடு’ என்று சொல்லித் தந்திருந்தார்கள். யோசிக்காமலே செய்திருக்கிறேன். வழி விட்டேன். கண் உள்ளே போனது, பள்ளத்தாக்கைப் பார்த்தது, திருப்தியாக வெளியே வந்தது. லாட்ஜில் இதைத்தானே வேண்டுகிறார்கள்?

ஃப்ரீட்ரிக் வழி விடவில்லை. அவன் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும்தான் பார்க்க முடியும்.

மேகத்தின் பெயர்

மறைப்பதுதான் ரொமான்டிக் நிலக்காட்சி என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் கான்ஸ்டபிள் குறுக்கே நிற்கிறார்.

லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய மருந்து வணிகர் 1802இல் மேகங்களுக்கு லத்தீன் பெயர் வைத்தார். சிர்ரஸ், க்யூமுலஸ், ஸ்ட்ரேட்டஸ் என்று நாம் பள்ளியில் படித்தது அவர் வைத்தவை. கோதேவுக்கு இது பிடித்துப்போனது. 1816இல், அந்த வகைப்பாட்டின்படி மேகங்களை வரைந்து தருமாறு ஃப்ரீட்ரிக்கைக் கேட்கவைத்தார். 1805 வைமார் போட்டியில் ஃப்ரீட்ரிக்கின் செபியாக்களுக்குப் பாதிப் பரிசு கொடுத்தவர் கோதே. பெரிய மனிதர், வேண்டியவர். ஃப்ரீட்ரிக் மறுத்துவிட்டார். சுதந்திரமாகத் திரியும் மேகங்களை வகுப்பில் அடைத்தால் நிலக்காட்சி ஓவியத்தின் அடிப்படையே போய்விடும் என்பது அவர் கட்சி.

ஐந்து வருடம் கழித்து இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் ஹாம்ஸ்டெட் குன்றின் மேல் உட்கார்ந்து காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் வானத்தை வரைந்துகொண்டிருந்தார். 1822இல் மட்டும் சுமார் 50 வான ஆய்வுகள் செய்ததாக ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். பல படங்களின் பின்னால் தேதி, மணி, காற்றடித்த திசை எல்லாம் குறித்திருக்கிறார். அப்பா காற்றாலையும் நீராலையும் வைத்து மாவரைத்த குடும்பம். காற்று எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கு சோற்றுப் பிரச்சினை. இந்த மேகங்களில் ஒளிவுமறைவு இல்லை. குறிப்பிட்ட ஒரு நாளின் குறிப்பிட்ட ஒரு மணி நேரம், அது அங்கே இருந்தது, போய்விட்டது. பார்க்கும்போது தொண்டையை அடைக்கிறது. ஏன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடிவது இதுதான்: கவனிப்பு ஓர் அளவுக்கு மேல் போனால் அதுவே பிரிவுத்துயர் ஆகிவிடுகிறது.

ஆக, ஒருவர் மறைத்தார், மற்றவர் கணக்கெடுத்தார். இரண்டும் நேர் எதிர். இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. வாங்குபவர் எதிர்பார்த்த ஒன்றை இருவரும் தர மறுத்தார்கள். ஃப்ரீட்ரிக் காட்சியைத் தரவில்லை, கான்ஸ்டபிள் பழுப்பைத் தரவில்லை. ‘ரொமான்டிக் ஸ்டைல்’ என்று இன்று கற்றுத்தரப்படுவது இரண்டு பேரிடமிருந்தும் மறுப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்த கலவை. ஃப்ரீட்ரிக்கின் மனிதன், ஆனால் ஓரமாக. கான்ஸ்டபிளின் மேகம், ஆனால் எந்த நாளுடையதும் இல்லை. மேலே போமாண்டின் பழுப்பு.

ஃப்ரீட்ரிக் பக்கமே முழுசாகச் சாய்ந்துவிடவும் முடியாது என்பதற்கு அவரே சாட்சி. 1823இல் நார்வேக்காரர் யோஹான் கிறிஸ்டியான் டால் டிரெஸ்டனில் ஃப்ரீட்ரிக் இருந்த அதே வீட்டுக்குக் குடிவந்தார். டால் நேரில் பார்த்து மேகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைபவர். மறு வருடம், 1824 இலையுதிர்காலத்தில், ஃப்ரீட்ரிக்கும் அந்திவானத்தைச் சிறிய எண்ணெய் ஆய்வுகளாக வரைந்திருக்கிறார். கோதே கேட்டு மறுத்ததை ஒரே வீட்டில் குடியிருந்தவரின் பழக்கத்தில் செய்துவிட்டார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது.

முதல் மாணவர்

இப்போது காருஸ். ஃப்ரீட்ரிக் பாணியில் வரையக் கற்றுக்கொண்ட அமெச்சூர்களின் குலமுதல்வர் என்று அவரைச் சொல்லலாம். நம்ம ஆள்.

கார்ல் குஸ்டாஃப் காருஸ் டாக்டர். 1814இல் டிரெஸ்டனுக்கு மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக வந்தார். பின்னாளில் சாக்ஸனி அரசரின் மருத்துவர். பிரசவம் பார்த்த நேரம் போக ஓவியம். ஃப்ரீட்ரிக்கோடு நட்பாகி, அவர் பேச்சைக் கேட்டு 1819இல் ர்யூகன் தீவுக்குப் போய் அவர் பார்த்த இடங்களைத் தானும் பார்த்துவிட்டு வந்தார். நிலக்காட்சி ஓவியம் பற்றி ஒன்பது கடிதங்கள் என்று ஒரு நூலை 1831இல் வெளியிட்டார். அதை வாசித்தால் ஒரு மனிதர் மெல்ல ஃப்ரீட்ரிக்கிடமிருந்து கோதே பக்கம் நகர்வது தெரியும். ‘நிலக்காட்சி’ என்ற சொல்லே போதாது, ‘பூமி வாழ்வின் படம்’ என்று சொல்ல வேண்டும், பாறையை வரைபவனுக்குப் பாறையின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்.

அவர் 1820 வாக்கில் வரைந்த ‘பாறைப் பள்ளத்தாக்கில் யாத்திரிகன்’ பெர்லினில் இருக்கிறது. சிறிய படம், உயரம் 30 சென்டிமீட்டருக்கும் குறைவு. முதுகு காட்டும் மனிதன், கையில் கோல், இரண்டு பக்கமும் இருண்ட பாறை, எதிரே அந்திவானத்தில் ஒரு நட்சத்திரம். சாமான்கள் எல்லாம் ஃப்ரீட்ரிக் கடையில் வாங்கியவை. ஆனால் பாருங்கள், இவன் யாத்திரிகன். இவனுக்குப் போக இடம் இருக்கிறது. அந்த நட்சத்திரம் இவனுக்கு மட்டுமில்லை, நமக்கும் தெரிகிறது. வாழ்க்கை இருட்டு, நம்பிக்கை ஒளி என்று படமே நமக்கு விளக்கம் சொல்லிவிடுகிறது. ஃப்ரீட்ரிக்கின் மனிதனுக்குப் பாதை கிடையாது, அடுத்த அடி வைத்தால் பள்ளம். காருஸ் அன்போடு அவனுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்துவிட்டார். டாக்டர் இல்லையா.

என் மூன்றாவது படம் இதேதான். நானும் அன்போடு மனிதனை ஓரமாக நகர்த்தியிருந்தேன்.

ஆனால் காருஸ் அங்கேயே நின்றிருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுதியிருக்க மாட்டேன். 1826இல் அவர் ‘நிலவொளியில் ஓவிய அறை’ என்று ஒன்று வரைந்தார். கார்ல்ஸ்ரூவில் இருக்கிறது. இதில் மலை இல்லை, யாத்திரிகன் இல்லை. இருட்டறை, ஒரு சன்னல், சன்னலில் மெல்லிய திரை, திரைக்குப் பின்னால் நிலவு. பக்கத்தில் ஈசல் கரிய உருவமாக. நிலவொளியில் குளித்த நகரமோ ஆறோ வெளியே இருக்கலாம், ரொமான்டிக் ஓவியனுக்கு அதைவிடத் தீனி எது? காருஸ் திரையைப் போட்டுவிட்டார். அந்தத் திரையில் ஒளி கசிவதை மட்டும் வரைந்திருக்கிறார், அதுவும் மூடுபனியை வரையும் அதே பொறுமையோடு.

சன்னலும் ஃப்ரீட்ரிக்கிடம் வாங்கியதுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஃப்ரீட்ரிக் 1805–06இலேயே தன் அறைச் சன்னல்களைச் செபியாவில் வரைந்திருக்கிறார், 1822இல் சன்னலருகே நிற்கும் பெண்ணை எண்ணெயில் வரைந்தார். ஆனால் அந்தச் சன்னல்கள் வழியே பாய்மரம் தெரியும், எதிர்க்கரை தெரியும். காருஸின் சன்னல் எதையும் காட்டாது. ஃப்ரீட்ரிக்கின் பாறையையும் யாத்திரிகனையும் நகலெடுத்தபோது அவர் ஃப்ரீட்ரிக்கிடமிருந்து தூரத்தில் இருந்தார். தன் வீட்டுத் திரையை வரைந்தபோது கிட்டே வந்துவிட்டார். எதை மறைப்பது என்பதைக் கற்றுக்கொண்டார், சாமான்களை விட்டுவிட்டார். என் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த படம் இது. பின்னாலும் அவர் வழுக்கியதுண்டு. 1832இல் கோதேவுக்கு நினைவுச்சின்னமாக வரைந்த படத்தில் மலைப் பனிக்கு நடுவே கல்லறைப் பேழை, யாழ், மண்டியிட்ட தேவதைகள் என்று எல்லாவற்றையும் கொட்டிவைத்திருக்கிறார். கற்றுக்கொண்டது கையில் அப்படியே நிற்பதில்லை போலிருக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நாம் இன்று ரொமான்டிசிசத்தின் முகமாகப் பார்க்கும் ‘அலைபவன்’ படத்தை ஹாம்பர்க் கலைக்கூடம் வாங்கியது 1970இல்தான். ஃப்ரீட்ரிக்கே இறந்தபின் பெரிதும் மறக்கப்பட்டு, 1906இல் பெர்லினில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பிறகுதான் மீண்டும் பேசப்பட்டார். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ரொமான்டிக் ஓவியம் கற்றவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்த ‘ஸ்டைல்’ நம் காலத்தின் தயாரிப்பு. அச்சில் சுருங்கி, அட்டையில் ஏறி, முதுகு மட்டும் மிஞ்சியது. 94.8 சென்டிமீட்டர் உயரமுள்ள படத்தை உள்ளங்கை அளவில் பார்த்துவிட்டு அதன் ரகசியம் மூடுபனியில் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

நகலெடுப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. நகலெடுக்காமல் இருந்திருந்தால் ஸ்கேல் வைத்து அளந்திருக்கவே மாட்டேன். ஸ்கம்பிளின் நீலமும் தெரிந்திருக்காது. ஆனால் கற்க விரும்புகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். மூடுபனியை ஃப்ரீட்ரிக்கிடம் கற்காதீர்கள், அது எண்ணெயிடமும் வெள்ளையிடமும் கற்க வேண்டியது. வானத்தைக் கான்ஸ்டபிள் மாதிரி மணி பார்த்து, பின்பக்கம் தேதி போட்டு வரையுங்கள், கையும் கண்ணும் பழகும். ஃப்ரீட்ரிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் படத்தில் எதை எடுத்துவிட்டால் எனக்கு வலிக்கும்? அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

நான்காவது கான்வாஸ் ஆரம்பித்திருக்கிறேன். ஆளை நட்டநடுவில் வைத்தாயிற்று. பள்ளத்தாக்கு மறைந்துவிட்டது, அதுதான் நான் நன்றாக வரைந்த பகுதி. நண்பர் போன வாரம் வந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, நடுவுல வந்து நின்னு மறைக்கிறான்?” என்றார். ஆமாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். லாட்ஜ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.